மணப்பெண் முகத்துக்கு வெள்ளை அடிக்காதீங்க!



ஆடி முடிந்து ஆவணி பிறந்துவிட்டால், எங்கள் புதுச்சேரியில் கல்யாண மண்டபங்களுக்கு ஓய்வே கிடையாது. பெரிய மார்க்கெட்டில் மல்லிகைப்பூ விலை ஏறும். நேரு வீதி ஜவுளிக் கடைகளில் நிற்க இடம் இருக்காது. நான் முத்தியால்பேட்டையில் வசிக்கும் சாதாரண குடும்பத் தலைவி. கல்யாணத்துக்கு முன்பே அழகுக்கலைப் பயிற்சி முடித்திருந்ததால், உறவு, நட்பு, அக்கம்பக்கம் என்று பதினைந்து வருஷத்துக்கும் மேலாக மணப்பெண்களை அலங்கரித்து மணவறைக்கு அனுப்பி வருகிறேன்.

கல்யாணம் நிச்சயமானதும் பெண் வீட்டார் என்னிடம் கேட்கிற கேள்விகள் இரண்டு. "அக்கா, மேக்கப் கடைசி வரைக்கும் நிக்குமா?" என்பது ஒன்று. "போட்டோவுல நல்லா விழுமா?" என்பது இன்னொன்று. இரண்டுக்கும் என் பதில், "தாராளமா!" என்பதுதான். ஆனால், பெண் அந்தப் பக்கம் போனதும், அம்மா மட்டும் அருகில் வந்து குரலைத் தாழ்த்தி மூன்றாவதாக ஒன்று சொல்வார். "பொண்ணு கொஞ்சம் மாநிறம்மா... ஒரு ரெண்டு ஷேடு ஏத்திப் போட்டுடேன். மாப்பிள்ளை வீட்டுக்காரங்க முன்னாடி பளிச்சுனு தெரியணும்."

தோழியரே, முதல் இரண்டு ஆசையையும் கெடுப்பது இந்த மூன்றாவது ஆசைதான். அது ஏன் என்பதையும், காசு அதிகம் செலவழிக்காமல் பெண்ணை எப்படி அழகாகக் காட்டலாம் என்பதையும் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

நம்ம ஊர்க் காற்று

புதுச்சேரி கடலோர ஊர். காற்றில் எப்போதும் ஈரம் இருக்கும். காற்றில் ஏற்கெனவே ஈரம் இருப்பதால், உடம்பில் வரும் வியர்வை சீக்கிரம் காயாது; தோல் மேலேயே நிற்கும். அதன்மேல் பூசிய கிரீமும் பவுடரும் வியர்வையில் மிதந்து, மூக்கோரம், வாயோரம், கழுத்து மடிப்பு என்று போய்த் தங்கிவிடும். வைகாசிக் கல்யாணம் என்றால் கேட்கவே வேண்டாம். அக்னி நட்சத்திரத்தின் வால் வேறு சேர்ந்துகொள்ளும்.

'நிறைய நேரம் நிற்கணும்னா நிறையப் போடணும்' என்று பலர் நினைக்கிறார்கள். உண்மை நேர்மாறு. சுவரில் சுண்ணாம்பைத் திப்பையாக அப்பினால் பொருக்கு விட்டு உதிரும். மெல்லியதாக இரண்டு முறை அடித்து, காயவிட்டால் நிற்கும். முகமும் அப்படித்தான். நிறத்தை ஏற்ற வேண்டும் என்று திப்பையாகப் போட்ட முகத்தில்தான், பெண் இரண்டு தடவை சிரித்ததும் கண்ணோரம் கோடு கோடாக வெடிக்கும்.

எங்கள் ஊரில் இன்னொரு விசேஷம் உண்டு. பல குடும்பங்களில் சித்தப்பாவோ, அத்தையோ பிரான்சில் இருப்பார்கள். கல்யாணத்துக்கு வரும்போது பெட்டி நிறைய மேக்கப் சாமான் வாங்கி வருவார்கள். அன்பளிப்பு என்று சந்தோஷமாக வாங்கிக்கொள்ளலாம். ஆனால், பிடித்துப் பார்க்காமல் கல்யாணத்தன்று அதைத் திறக்காதீர்கள். குளிர்ப் பிரதேசத்தில் வறண்ட தோலுக்கென்று செய்த கிரீமில் எண்ணெய்ப் பசை அதிகம் இருக்கும். நம் ஊர்ப் புழுக்கத்தில் அது அரை மணி நேரத்தில் வழியும். நிறமும் நம் பெண்களுக்குப் பொருந்தாமல் போகலாம். வாங்கி வருகிறவர்களிடம், 'எண்ணெய் இல்லாதது, தண்ணீர் பட்டாலும் கலையாதது' என்று முன்கூட்டியே சொல்லிவிடுவது நல்லது.

போட்டோவில் வெள்ளை முகம் ஏன்?

உங்கள் வீட்டுப் பழைய கல்யாண ஆல்பத்தை எடுத்துப் பாருங்கள். முகம் மட்டும் மாவு பூசியது போல வெளுத்து, காதும் கழுத்தும் கையும் வேறு நிறத்தில் இருக்கும் படம் ஒன்றாவது இருக்கும். அந்தக் காலத்து மணப்பெண்களுக்குப் பெரும்பாலும் 'பான்கேக்'தான். ஹாலிவுட்டில் மேக்ஸ் ஃபேக்டர் நிறுவனம் 1937-38 வாக்கில் கலர் சினிமாவுக்காகக் கொண்டுவந்த சாமான் அது. ஈரப் பஞ்சால் தொட்டுப் பூசுவது. சென்னை சினிமா ஸ்டூடியோக்களிலும் புழங்கி, பிறகு நம் கல்யாண வீடுகளுக்கும் வந்தது. ஸ்டூடியோவின் பெரிய விளக்குகளுக்கு என்று செய்ததை, மண்டபத்து டியூப்லைட்டிலும், ஃபிளாஷ் வெளிச்சத்திலும், அதுவும் நம் நிறத்துக்கு மேல் இரண்டு படி வெளுப்பாகப் போட்டால் எப்படி இருக்கும்?

இன்று பான்கேக் போய், ஃபவுண்டேஷன், எச்.டி., ஏர்பிரஷ் என்று பல வந்துவிட்டன. ஆனால், வெள்ளை முகம் மட்டும் போகவில்லை. அதற்குக் காரணங்கள் மூன்று.

* முதல் காரணம், முகத்தின் நிறத்தை விட வெளுப்பான ஃபவுண்டேஷன். தாலி கட்டும்போது பெண் தலை குனிவாள், பின்கழுத்து தெரியும். தாரை வார்க்கும்போது கை தெரியும். போட்டோகிராபர் கிட்டத்தில் எடுக்கிற படங்கள் இவைதான். முகத்துக்கும் இவற்றுக்கும் நிறம் ஒத்துப்போகவில்லை என்றால், எவ்வளவு விலை உயர்ந்த கேமராவாலும் மறைக்க முடியாது.

* இரண்டாவது, முகத்தில் போடும் சில சாமான்களில் இருக்கும் துத்தநாக ஆக்ஸைடு, டைட்டானியம் டை ஆக்ஸைடு, சிலிக்கா ஆகியவை. இவை வெளிச்சத்தைத் திருப்பி அனுப்பக்கூடியவை. வெயிலுக்குப் போடும் சன்ஸ்கிரீன் சிலவற்றிலும், முகத்தில் கடைசியாக ஒற்றும் வெள்ளைப் பவுடர்களிலும் இருக்கும். நேரில் பார்த்தால் தெரியாது. ஃபிளாஷ் அடித்த படத்தில் கண்ணுக்குக் கீழே திட்டுத் திட்டாக வெள்ளை தெரியும். இதைக் கண்டுபிடிக்க வழி சுலபம். மேக்கப் முடிந்ததும் அறை விளக்கை அணைத்துவிட்டு, செல்போனில் ஃபிளாஷ் போட்டு ஒரு படம் எடுங்கள். வெள்ளை தெரிந்தால் மெல்லிய பிரஷ்ஷால் தட்டிவிடலாம்.

* மூன்றாவது, அலங்காரம் செய்கிற அறையின் வெளிச்சம். மஞ்சள் பல்பு வெளிச்சத்தில் பார்த்துப் போட்ட மேக்கப், வாசலுக்கு வந்ததும் சாம்பல் பூத்தது போல் இருக்கும். ஜன்னலோரம் பகல் வெளிச்சத்தில் உட்கார வைத்து, தாடை எலும்பு ஓரத்தில் மூன்று நிறம் தொட்டுப் பாருங்கள். எது தோலோடு கரைந்து காணாமல் போகிறதோ, அதுதான் உங்கள் பெண்ணின் நிறம். மாநிறத்துக்கும் கறுப்புக்கும் மஞ்சள் சாயல் கலந்த ஃபவுண்டேஷன் நன்றாக இருக்கும். ரோஸ் சாயல் சேர்ந்தால் சாம்பல் தட்டும்.

"அப்படின்னா பளிச்சுனு எப்படிம்மா தெரியும்?" என்று கேட்பீர்கள். பளிச் என்பது வெளுப்பில் இல்லை. கண்ணுக்குத் தீர்க்கமாக மை, திருத்தமான புருவம், பெண்ணின் நிறத்துக்கு ஏற்ற உதட்டுச்சாயம், கன்னத்தில் லேசான சிவப்பு... இவை போதும். அரக்கு, மாம்பழ மஞ்சள், மயில் கழுத்துப் பட்டில் மாநிறப் பெண்ணை உட்கார வைத்துப் பாருங்கள். தங்க நகை அந்த நிறத்தில்தான் எடுப்பாகத் தெரியும்.

பேர் இல்லாத டப்பா

இதுவரை சொன்னது படம் கெடுவதைப் பற்றி. படம் கெட்டால் போகட்டும் என்று விட்டுவிடலாம். இனி சொல்லப் போவது உடம்பு கெடுவதைப் பற்றி.

எங்கள் பகுதியில் ஒரு பெண். நிச்சயதார்த்தம் முடிந்த கையோடு, 'மூணு மாசத்துல கலர் வரும்' என்று யாரோ சொல்லி ஒரு கிரீம் வாங்கிக் கொடுத்திருக்கிறார்கள். சின்ன டப்பா. செய்தவர் பெயர் கிடையாது, ஊர் கிடையாது. முதல் இரண்டு வாரம் முகம் மினுமினுவென்று இருந்தது. வீட்டில் எல்லாருக்கும் சந்தோஷம். கல்யாணத்துக்குப் பத்து நாள் இருக்கும்போது முகம் சிவந்து, எரிச்சல் எடுத்து, பொடிப்பொடியாகப் பரு கிளம்பிவிட்டது. அந்தப் பெண் கண்ணாடி பார்க்கவே பயந்து அழுதாள். நல்லவேளை, தோல் மருத்துவரிடம் உடனே அழைத்துப் போனார்கள். அது ஸ்டீராய்டு கலந்த கிரீமாக இருக்க வேண்டும் என்று சொல்லி, மருத்துவர் வைத்தியம் பார்த்தார். கல்யாணத்தன்று முகத்துக்கு ஏறக்குறைய ஒன்றுமே போடாமல், கண்ணையும் உதட்டையும் மட்டும் திருத்தி அனுப்பினேன்.

ஸ்டீராய்டு களிம்புகள் தோல் நோய்க்கு மருத்துவர் கொடுக்கும் மருந்து. நிறத்துக்காகத் தினமும் தடவினால் தோல் மெலிந்து, நரம்பு நரம்பாகச் சிவந்து, பரு வந்து, நிறுத்தினால் இன்னும் அதிகமாகும். அதனால்தான் மத்திய அரசு 2018ல், 14 வகை ஸ்டீராய்டு களிம்புகளை மருத்துவர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது என்று உத்தரவு போட்டது.

இதை விட மோசமானது பாதரசம். நம் தோலில் நிறம் தரும் மெலனின் உண்டாவதைப் பாதரசம் தடுக்கும். அதனால்தான் சீக்கிரம் வெளுக்கிறது. ஆனால் அது தோலோடு நிற்பதில்லை. உள்ளே இறங்கிச் சிறுநீரகத்துக்குப் போய்விடும். கேரளாவில் மலப்புரம் மாவட்டத்தில் நடந்ததைக் கேளுங்கள். கோட்டக்கல்லில் உள்ள ஆஸ்டர் மிம்ஸ் மருத்துவமனையில், 2021 ஜூலை முதல் 2023 செப்டம்பர் வரை, சிறுநீரில் புரதம் கசியும் ஒருவகைச் சிறுநீரக நோயோடு வந்த 22 பேரை மருத்துவர்கள் ஆராய்ந்தார்கள். அவர்களில் 15 பேருக்கு, அந்த நோயிலேயே அபூர்வமான ஒரு வகை இருந்தது. துருவித் துருவி விசாரித்ததில், அந்த 15 பேரில் 13 பேர் நிறம் கூட்டும் கிரீம் தடவியவர்கள் என்று தெரிய வந்தது. கிரீமை நிறுத்தியதும் பெரும்பாலோருக்கு நோய் தணிந்தது. நிறுத்தாமல் இருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்தாலே பயமாக இருக்கிறது.

முகத்தில் தடவியதற்கும் கால் வீக்கத்துக்கும் சம்பந்தம் இருக்கும் என்று யாருக்குத் தோன்றும்? ஆகவே, கிரீம் தடவுகிற பெண்ணுக்குக் காலையில் முகம் ஊதி, காலில் வீக்கம் வந்து, சிறுநீர் நுரை நுரையாகப் போனால், தாமதிக்காமல் மருத்துவரிடம் போங்கள். கிரீம் டப்பாவையும் கையோடு எடுத்துப் போங்கள். கோரிமேடு ஜிப்மரிலும், ஊருக்குள் அரசு பொது மருத்துவமனையிலும் தோல் பிரிவு இருக்கிறது. இன்னொன்று: பாதரசக் கிரீம் தடவிய கையால் குழந்தையைத் தூக்கினாலும், தலையணையைப் பகிர்ந்தாலும் மற்றவர்களுக்கும் அது ஒட்டும்.

நம் நாட்டு அழகுசாதன விதிகள் 2020ன்படி, கண்ணுக்குப் போடும் சாமான்களைத் தவிர மற்றவற்றில், தற்செயலாகக் கலந்த பாதரசம் கூடப் பத்து லட்சத்தில் ஒரு பங்குக்கு மேல் இருக்கக் கூடாது. சட்டம் இருக்கிறது, டப்பாவைத் திருப்பிப் பார்ப்பது நம் வேலை.

* தயாரித்தவர் பெயர், முழு முகவரி, உரிம எண், பேட்ச் நம்பர், எந்தத் தேதி வரை உபயோகிக்கலாம் என்பது... இவற்றில் ஒன்று இல்லை என்றாலும் வாங்காதீர்கள்.

* வெளிநாட்டுச் சாமான் என்றால், இங்கே இறக்குமதி செய்தவர் பெயரும், பதிவுச் சான்றிதழ் எண்ணும் அச்சிட்டிருக்க வேண்டும்.

* சேர்மானத்தில் மெர்க்குரி, மெர்க்குரிக், மெர்க்குரஸ், கலோமல் என்று இருந்தால் அது பாதரசம். ஆனால் பெரும்பாலும் எழுதியே இருக்க மாட்டார்கள். ஆகவே, 'ஏழு நாளில் சிகப்பழகு' என்றாலே ஒதுங்கிவிடுங்கள்.

நாள் கணக்கு

இனி, என்ன செய்யலாம் என்று வரிசையாகச் சொல்கிறேன். கத்தரித்து வைத்துக்கொள்ளுங்கள்.

* இரண்டு மாதம் முன்: பரு, மங்கு, பொடுகு இருந்தால் தோல் மருத்துவரைப் பார்த்துவிடுங்கள். எந்த வைத்தியத்துக்கும் நாள் வேண்டும்.

* இரண்டு வாரம் முன்: ஒத்திகை மேக்கப். கல்யாணத்தன்று போடும் அதே சாமான்கள். போட்டுக்கொண்டு மூன்று, நான்கு மணி நேரம் வீட்டு வேலை செய்யச் சொல்லுங்கள். வியர்த்த பிறகு படம் எடுத்துப் பாருங்கள். புது சாமான் எதுவானாலும் முழங்கையின் உட்பக்கத்தில் தொட்டு வைத்து, இரண்டு நாள் பாருங்கள். அரிப்பு, தடிப்பு வந்தால் அது வேண்டவே வேண்டாம்.

* ஒரு வாரம் முன்: ஃபேஷியல், ப்ளீச், வாக்ஸிங் எல்லாம் இதற்குள் முடிந்திருக்க வேண்டும். கடைசி நேர ப்ளீச்தான் பல பெண்களுக்கு முகத்தைப் புண்ணாக்கியிருக்கிறது. புருவம் மட்டும் இரண்டு, மூன்று நாள் முன் திருத்தலாம்.

* இரண்டு நாள் முன்: மருதாணி. இயற்கை மருதாணி முதலில் ஆரஞ்சாகத்தான் இருக்கும்; ஒன்றிரண்டு நாளில் தானே கருஞ்சிவப்பாகும். ஒரு மணி நேரத்தில் கறுப்பாகப் பிடிக்கும் 'கறுப்பு மெஹந்தி' வேண்டாம். அதில் தலைமுடிச் சாயத்தில் உள்ள பி.பி.டி. என்ற ரசாயனத்தைக் கலப்பார்கள். கை கொப்புளித்துப் போகும். எண்ணெய்க் குளியலையும் அன்றே முடித்துவிடுங்கள். முதல் நாள் எண்ணெய் தேய்த்தால், தலை வழவழவென்று சவுரியும் ஜடையும் நழுவும்.

* முதல் நாள்: நலங்கு மஞ்சளை விட்டுவிட முடியாது, அது பெரியவர்களின் ஆசீர்வாதம். முகத்துக்கு மட்டும் கஸ்தூரி மஞ்சளாக இருக்கட்டும். அவ்வளவாக நிறம் ஒட்டாது. பயத்தமாவு போட்டுக் கழுவினால் போதும்.

கல்யாணத்தன்று

எங்கள் பக்கம் முதல் நாள் மாலை வரவேற்பு. மறுநாள் விடியற்காலை முகூர்த்தம். வரவேற்பில் இரவு பதினொரு மணி வரை பெண்ணை நிற்க வைத்துவிட்டு, மூன்று மணிக்கு எழுப்புகிறோம். வரவேற்பு மேக்கப்பைக் கழுவாமல் படுக்கவிட்டு, காலையில் அதன்மேலேயே பூசுகிறவர்கள் உண்டு. தயவுசெய்து அதை மட்டும் செய்யாதீர்கள். பஞ்சில் தேங்காயெண்ணெய் தொட்டுத் துடைத்து, பிறகு முகம் கழுவிவிட்டுப் படுக்கச் சொல்லுங்கள். பெண் நாலு மணி நேரமாவது தூங்கட்டும். தூக்கமில்லாத கண்ணை எந்தக் கிரீமும் மறைக்காது.

* முகூர்த்தத்துக்கு இரண்டு மணி நேரம் முன் ஆரம்பியுங்கள். முதலில் இரண்டு இட்லியாவது சாப்பிட வையுங்கள். பிறகு தலை அலங்காரம், பிறகு முகம், கடைசியில் புடவை. ஜாக்கெட் முன்பக்கம் கொக்கி வைத்ததாக இருக்கட்டும். நடுவில் கூரைப் புடவை மாற்றப் போகும்போது, தலைவழியே கழற்ற வேண்டி வந்தால் எல்லாம் கலைந்து போகும்.

* முகம் கழுவி, ஐஸ் கட்டியை மெல்லிய துணியில் சுற்றி ஒரு நிமிஷம் ஒற்றுங்கள். எண்ணெய்ப் பசை இல்லாத மாய்ஸ்சரைசர் கொஞ்சம் தடவி, பத்து நிமிஷம் ஃபேன் அடியில் உட்காரட்டும். இந்தப் பத்து நிமிஷத்தை மிச்சம் பிடித்தால், பின்னால் மொத்தமும் போகும்.

* ஃபவுண்டேஷனைத் தேய்க்காமல், ஈரப் பஞ்சால் ஒற்றி ஒற்றி மெல்லியதாகப் போடுங்கள். காது, கழுத்து, பின்கழுத்து எதையும் மறக்காதீர்கள். பவுடரையும் அழுத்தி ஒற்றுங்கள். மீதியைப் பிரஷ்ஷால் தட்டிவிடுங்கள். கடைசியில் மேக்கப்பை நிறுத்தும் ஸ்பிரே ஒரு தடவை.

* ஹோமப் புகையில் கண் கலங்கும். தாலி ஏறும்போது தானாகவே கலங்கும். தண்ணீரில் கரையாத மை மட்டும் போடுங்கள். கீழ் இமைக்கு அடியில் கொஞ்சம் பவுடர் ஒற்றினால் மை இறங்காது.

* உதட்டுச்சாயம் ஒரு கோட்டிங் போட்டு, டிஷ்யூவில் ஒற்றி எடுத்து, லேசாகப் பவுடர் தொட்டு, மறுபடி ஒரு கோட்டிங். பாலும் பழமும் கொடுக்கும்போதும் அவ்வளவாகப் போகாது.

* ஸ்டிக்கர் பொட்டை ஒரே இடத்தில் வருஷக்கணக்கில் ஒட்டி, நெற்றியில் வெள்ளைத் தழும்பு வந்தவர்களைப் பார்த்திருப்பீர்கள். அதன் பசையில் உள்ள ரசாயனம் சிலருக்கு ஒத்துக்கொள்ளாது. ஏற்கெனவே அரிப்பு இருந்தால், அன்று நல்ல குங்குமமே வைத்துவிடுங்கள்.

* தோழிப்பெண்ணின் கைப்பையில் டிஷ்யூ, காம்பாக்ட், உதட்டுச்சாயம், ஊக்கு, ஹேர்பின், சின்ன கைவிசிறி, ஸ்ட்ரா போட்ட தண்ணீர் பாட்டில் இருக்கட்டும். வியர்த்தால் துடைக்கக் கூடாது, ஒற்றத்தான் வேண்டும். ஒற்றாமல் மேலே மேலே பவுடர் போட்டால், அது மாவுக் கரைசல்தான்!

ஏர்பிரஷ்ஷா, எச்.டி.யா என்று குழம்ப வேண்டாம். ஏர்பிரஷ் என்பது மெஷினில் மெல்லியதாகப் பீய்ச்சுவது. மற்றது கையால் போடுவது. போடுகிற கை சரியாக இருந்தால் இரண்டும் நிற்கும். நிறம் சரியாகப் பார்க்கவில்லை என்றால், இரண்டும் வெள்ளைதான்.

போட்டோகிராபரிடமும் நாலு வார்த்தை பேசுங்கள். சம்பா கோவிலில் வெள்ளைப் புடவையோ, கவுனோ அணிந்து கல்யாணம் செய்யும் கிறிஸ்தவப் பெண்களுக்கு இது முக்கியம். உடை முழுக்க வெள்ளையாக இருந்தால், கேமரா 'வெளிச்சம் அதிகம்' என்று ஏமாந்து, படத்தை இருட்டாக்கிவிடும். முகம் கறுத்து விழும். "முகத்தைப் பார்த்து வெளிச்சம் வையுங்க" என்று சொன்னால் போதும். அதற்காகப் பெண்ணின் முகத்தில் வெள்ளையை ஏற்றத் தேவையில்லை. அதேபோல, பிரெஞ்சுக்காரர் தெருக்களில் மஞ்சள் சுவர் ஓரம் நின்று படம் எடுப்பது இப்போது வழக்கமாகிவிட்டது. அந்தச் சுவரின் மஞ்சள் முகத்திலும் அடிக்கும். சுவரை ஒட்டி நிற்காமல் நாலடி தள்ளி, காலை வெயிலில் எடுத்தால் முகம் இயல்பாக இருக்கும்.

அம்மாக்களுக்கும் மாமியார்களுக்கும்

நிறத்துக்காகப் பெண்ணைக் குறைத்துப் பேசுவது இன்றைக்கு நேற்று வந்ததில்லை. முகத்துக்குப் போடும் பிரபல கிரீம் ஒன்றே, எதிர்ப்பு வலுத்த பிறகு 2020ல் தன் பெயரில் இருந்த 'ஃபேர்' என்ற வார்த்தையை எடுத்துவிட்டது. சென்னையில் 'விமன் ஆஃப் வொர்த்' என்ற அமைப்பு, கறுப்பும் அழகுதான் என்று 2009லேயே பிரசாரம் ஆரம்பித்தது. டப்பாவில் பெயர் மாறிவிட்டது. நம் வீட்டுக் கூடத்தில் பேச்சு மாறியதா?

சென்ற தை மாதக் கல்யாணத்துக்கு ஒரு பெண்ணுக்கு ஒத்திகை மேக்கப் போட்டுக்கொண்டிருந்தேன். அம்மா பக்கத்தில் நின்று, "இன்னும் கொஞ்சம் வெள்ளையா... இன்னும் கொஞ்சம்..." என்று சொல்லிக்கொண்டே இருந்தார். பெண் பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டு, "அம்மா, அவங்க வீட்டுல என்னைப் பார்த்துத்தானே சரின்னு சொன்னாங்க? மணவறையில வேற யாரோ உக்காந்திருந்தா அவரு எப்படிம்மா தாலி கட்டுவாரு?" என்றாள். அம்மா ஒன்றும் பேசவில்லை. சிறிது நேரம் கழித்து, "அவ கலருக்கே போடும்மா" என்று சொல்லிவிட்டு, உள்ளே காபி போடப் போய்விட்டார்.

அந்தக் கல்யாண ஆல்பத்தை நானும் பார்த்தேன். முகமும் கழுத்தும் கையும் ஒரே நிறம். அரக்குப் பட்டில், தாலி ஏறும்போது கண் கலங்கிச் சிரிக்கிற படம். அதைத்தான் பெரிதாகப் போட்டுக் கூடத்தில் மாட்டியிருக்கிறார்கள்.

கல்யாண ஆல்பம் நாற்பது, ஐம்பது வருஷம் வீட்டில் இருக்கப் போகிறது. பேரன் பேத்தி புரட்டிப் பார்க்கும்போது, "இது யாரு?" என்று கேட்கக் கூடாது, "பாட்டி!" என்று சொல்ல வேண்டும். அதற்கு, பெண்ணைப் பெண்ணாகவே மணவறையில் உட்கார வையுங்கள்.

என்ன தோழியரே, நான் சொல்வது சரிதானே? உங்கள் ஊரில், புழுக்கத்திலும் புகையிலும் அலங்காரம் கலையாமல் இருக்க நீங்கள் செய்யும் கைமுறைகளையும் எழுதுங்களேன். வரப்போகும் மணப்பெண்களுக்குப் புண்ணியமாகப் போகும்.

– ஒரு வாசகி, முத்தியால்பேட்டை, புதுச்சேரி.